பறவை வந்தா வேலை, போனா லீவு: நகரத்துப் பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்டும் ‘சீசன்’ வேலை எப்படி இருக்கும்?

டிசம்பர் மாதச் சனிக்கிழமை, காலை ஆறேகால் மணி. துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் சாலையில் வண்டிகள் பறந்துகொண்டிருக்கின்றன. ஓரமாக ஒரு மஞ்சள் பஸ் வந்து நிற்கிறது. முப்பது பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தோடு இறங்குகிறார்கள். கழுத்தில் பைனாகுலர் தொங்க ஒருவர் அவர்களை வரிசையில் நிறுத்தி, சதுப்பு நிலத்தைக் காட்டுகிறார். வரும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அண்ணா, இங்க பாம்பு இருக்குமா?”

அந்த அண்ணாவோ அக்காவோ பார்ப்பதுதான் ‘நேச்சர் எஜுகேட்டர்’ வேலை. பள்ளிக்கூட டீச்சரும் இல்லை, டூரிஸ்ட் கைடும் இல்லை. சென்னை மாதிரி ஊர்களில் மெதுவாக வளர்ந்து வரும் தொழில் இது. ஆனால் வருஷம் முழுக்க வேலை இருக்காது. ஏன்? சம்பளம் எப்படி? இதில் இறங்க என்ன வேணும்? பார்க்கலாம்.

எப்போ சீசன்?

ஆபீஸ் காலண்டர் இதற்கு உதவாது. வடகிழக்குப் பருவமழையில் நீர்நிலைகள் நிரம்பினால்தான் வேலை சூடு பிடிக்கும். அக்டோபர், நவம்பரில் சைபீரியா, மத்திய ஆசியா பக்கமிருந்து ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற பறவைகள் வர ஆரம்பிக்கும். பிப்ரவரி, மார்ச் வரை பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், வேடந்தாங்கல் என்று பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். பொங்கல் லீவில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வேறு இருக்கிறது.

ஜனவரியில் கடற்கரை வேலையும் சேர்ந்துகொள்ளும். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம் அது. மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988-லிருந்து சென்னையில் இரவு நடை போகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் ஏழு கிலோமீட்டர், அதுவும் நள்ளிரவுக்கு மேல். முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்தால் 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். அதனால் ஏப்ரல் வரை வேலை ஓடும். மே மாதம் கோடைக்கால முகாம்கள்.

ஜூன் வந்தால்? பள்ளி திறக்கும், புத்தகம், அட்மிஷன் என்று எல்லாரும் பிஸி. வெளியூர்ப் பறவைகளும் இல்லை. செப்டம்பர் வரை போன் அவ்வளவாக அடிக்காது. மரம், பட்டாம்பூச்சி, சிலந்தி என்று காட்ட எவ்வளவோ உண்டுதான். ஆனால் அதற்காகப் பள்ளிகள் பஸ் ஏற்பாடு செய்வது குறைவு.

அப்படி என்னதான் செய்வார்கள்?

பறவை பேர் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை என்று நினைத்தால் தப்பு. புதிதாக வரும் எல்லாரும் செய்யும் தவறும் இதுதான். “இது நத்தை குத்தி நாரை, இது நீலத் தாழைக்கோழி” என்று அடுக்கிக்கொண்டே போனால், பத்தாவது நிமிஷம் பிள்ளைகள் ரோட்டில் போகும் பைக்கை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

அனுபவம் உள்ளவர்கள் பேரைக் கடைசியில்தான் சொல்வார்கள். முதலில் கண்ணை மூடிக்கொண்டு எத்தனை சத்தம் கேட்கிறது என்று விரல் விட்டு எண்ணச் சொல்வார்கள். நாரையின் அலகு மூடினாலும் நடுவில் ஏன் ஒரு இடைவெளி தெரிகிறது என்று கேட்பார்கள். யாராவது ஒரு பிள்ளை, “நத்தையப் புடிக்கவா?” என்று தானாகக் கண்டுபிடித்தால், அதற்குப் பிறகு அந்தப் பேரை மறக்கவே மறக்காது.

பள்ளிக்கரணையில் இன்னொரு பாடமும் எடுக்கலாம். என்னைக் கேட்டால், இந்த வேலையின் முழு மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

தென்சென்னையின் பல ஏரிகளில் நிரம்பி வழியும் தண்ணீர் இந்தச் சதுப்பு நிலத்துக்குத்தான் வருகிறது. இங்கே தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேரும். 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,247 ஹெக்டேர். ஒரு காலத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்த இடம் இது. மிச்சத்தில் இப்போது சாலை, கட்டடம், பெருங்குடி குப்பைக் கிடங்கு.

இதை வாயால் சொன்னால் பாடப்புத்தகம் மாதிரிதான் இருக்கும். அதற்குப் பதிலாக இரண்டு தட்டு எடுத்துக்கொள்வார்கள். ஒன்றில் மண்ணும் நடுவில் ஒரு ஸ்பாஞ்சும், இன்னொன்றில் வெறும் டைல்ஸ். இரண்டின் ஓரத்திலும் தீப்பெட்டியில் செய்த குட்டி வீடுகள். பிள்ளைகளே இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். டைல்ஸ் தட்டில் தீப்பெட்டி மிதக்கும்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “எங்க வீட்லயும் இப்படித்தான்ணா வந்துச்சு.”

2015 டிசம்பர் வெள்ளம் அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணீர் நின்றது நன்றாகவே ஞாபகம் இருக்கும். எந்தப் படி வரை ஏறியது, எத்தனை நாள் கரண்ட் இல்லை, பால் எங்கே கிடைத்தது என்று அடுத்த அரைமணி நேரம் அவர்களே பேசுவார்கள். எஜுகேட்டர் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டிய அரைமணி நேரம் அது. தன் வீட்டுச் சுவரில் நின்ற தண்ணீர்க் கறைக்கும், கண் முன்னால் இருக்கும் கோரைப் புல்லுக்கும் ஒரு சம்பந்தம் இருப்பதை அந்தப் பிள்ளை பார்த்துவிட்டது. அதற்கு மேல் விளக்கினால் கெட்டுப்போகும்.

சங்கடமான கேள்விகளும் வரும்

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையோரம் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். ஆமை மூச்சு விட மேலே வர வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கினால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் உடனே, “அப்போ மீனவங்கதான் கொன்னாங்களா?” என்று கேட்பார்கள்.

அந்தக் கூட்டத்திலேயே காசிமேட்டுப் பிள்ளை ஒன்று நிற்கும். அப்பா கடலுக்குப் போகிறவர். இந்த இடத்தில் அவசரப்பட்டு ஆமாம் என்று தலையாட்டினால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் வராது. இழுவலைக்கும் சின்ன ஃபைபர் படகில் போடும் வலைக்கும் உள்ள வித்தியாசம், கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, அந்த நாட்களில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது, இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தால்தான் பதில் சொல்ல முடியும். பல நேரம் பதிலை அந்தப் பிள்ளையே சொல்லும். வலையைப் பற்றி அதற்குத் தெரிந்தது எஜுகேட்டருக்குத் தெரியாது.

யார் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள்?

1991-லேயே எம்.சி. மேத்தா வழக்கில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. பாடம் வந்துவிட்டது. ஆனால் பாடம் நடத்த வகுப்பறையை விட்டு வெளியே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேசிய பசுமைப் படை மாதிரி சூழல் மன்றங்கள் அரசுப் பள்ளிகளில் உண்டு. அவற்றுக்கு வரும் பணத்தில் பஸ் பிடித்து, ஆள் வைத்து மாதாமாதம் வெளியே போவது கஷ்டம்.

ஆக, வார இறுதி நடைக்குக் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் வருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பலவற்றை அரசு குடியமர்த்தியது பெரும்பாக்கம், செம்மஞ்சேரி அடுக்குமாடிகளில். சதுப்பு நிலம் அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் பூநாரை பார்க்க பஸ்ஸே வேண்டாம், நடந்தே போகலாம். கூட்டிப் போக ஒரு ஆள் இருந்தால் போதும். அந்த ஆளுக்கு யார் சம்பளம் தருவது என்பதில்தான் எல்லாமே நிற்கிறது.

சம்பளம், பி.எஃப் எல்லாம் உண்டா?

பெரும்பாலும் நாள் கணக்கு, இல்லாவிட்டால் ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேச்சு. பி.எஃப் சட்டப்படி கட்டாயமாக 20 பேராவது வேலை பார்க்க வேண்டும், ஈ.எஸ்.ஐ-க்கு 10 பேர். நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் குழுவில் இரண்டும் வராது. அமைப்புசாராத் தொழிலாளருக்கான இ-ஷ்ரம் தளத்தில் பதிந்து வைத்துக்கொள்ளலாம்.

இதனால் நடப்பது என்னவென்றால், இரண்டு மூன்று சீசன் பார்த்துவிட்டு, கல்யாணம், வாடகை என்று வரும்போது பலர் ஐ.டி பக்கமோ வேறு வேலைக்கோ போய்விடுகிறார்கள். எந்தக் கரையில் எப்போது எந்தப் பறவை இறங்கும், எந்தத் தெருப் பிள்ளை எதற்குப் பயப்படும் என்ற அறிவும் அவர்களோடு போய்விடும். அடுத்த நவம்பரில் புது முகம் வந்து மறுபடி ‘அ’விலிருந்து ஆரம்பிக்கும். ‘சேவைதானே, ஆசைக்குத்தானே பண்றீங்க’ என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பது இந்தத் துறையில் சர்வ சாதாரணம். அதை ஒத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. முப்பது பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் நிறுத்திப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவது பொறுப்பான வேலை.

என்ன படிச்சிருக்கணும்?

விலங்கியல், தாவரவியல் பட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வரலாம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017-ல் தொடங்கிய பசுமைத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் குறுகியகாலப் படிப்புகள் நடந்திருக்கின்றன. சென்னையில் சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பறவைகளைச் சொல்லிக்கொடுக்க ‘எர்லி பேர்ட்’ திட்டம் தமிழிலும் பொருட்கள் தருகிறது. போனில் இ-பேர்ட், மெர்லின் ஆப் இரண்டும் போட்டுக்கொண்டு வீட்டு மொட்டை மாடியிலிருந்தே பழக ஆரம்பிக்கலாம்.

முதலுதவி தெரியாமல் இறங்கவே கூடாது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, வெட்டுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. கடிபட்ட பிள்ளையை அசையாமல் வைத்து உடனே 108. வெயிலில் மயங்கினால் நிழல், ஈரத்துணி. தெளிவாக இருந்தால் ஓ.ஆர்.எஸ். பெற்றோர் கையெழுத்து, வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும். எந்தப் பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் மட்டும் தனியாகப் போவது கூடாது. கடலாமை, அதன் முட்டை, குஞ்சு எதையும் அனுமதியில்லாமல் தொடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குஞ்சு வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும் என்பதால், செல்ஃபிக்காக ஃபிளாஷ் அடித்தாலும் அது கடலுக்குப் பதில் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும்.

சேருவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்

ஒரு குழுவில் சீசன் வேலைக்குப் பேசப் போகிறீர்களா? போக்குவரத்துச் செலவு யாருடையது, ஒரு எஜுகேட்டருக்கு எத்தனை பிள்ளைகள், அடிபட்டால் இன்சூரன்ஸ் உண்டா, முந்தின நாள் போய் இடம் பார்த்து வருவதற்குக் காசு உண்டா, இதையெல்லாம் வெட்கப்படாமல் கேளுங்கள். முக்கியமாக இதைக் கேளுங்கள்: உங்கள் சீசனே மழையை நம்பித்தான் இருக்கிறது. அந்த மழையாலேயே ஒரு நாள் நடை ரத்தானால், அன்றைக்குச் சம்பளம் உண்டா, இல்லையா?