கண்டெடுத்த பொருள் யாருக்கு உரியது?

“கீழே கிடந்தது, நான்தான் முதலில் பார்த்தேன், எனக்குத்தான்!” சிறு வயதில் இப்படி வழக்காடாத பிள்ளைகள் இல்லை. விளையாட்டாகத் தோன்றும் இந்த வழக்கை நம் இலக்கியங்கள் பெரிதாகவே எடுத்துக்கொண்டுள்ளன. ஆனால், அவை தரும் தீர்ப்புகள் ஒன்றாக இல்லை.

திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரத்தில் (குறள் 756) ‘உறுபொருள்’ வேந்தனுக்கு உரியது என்கிறார் வள்ளுவர். உடையவர் இல்லாததால் தானே வந்து சேரும் பொருள் அது. புதைத்தவர் இறந்து நெடுங்காலத்திற்குப் பின் கண்டெடுக்கப்பட்டதும், வாரிசுகள் பெறாததும் அதில் அடங்கும் என்று விளக்குகிறார் பரிமேலழகர். கண்டெடுத்தவருக்கு இங்கே பங்கில்லை.

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை வேறு விதமாகப் பேசுகிறது. தங்கால் என்னும் ஊரில் வார்த்திகன் என்பவனின் மகன், வேதம் ஓதியதற்குப் பரிசாக அணிகலன்கள் பெறுகிறான். அக்குடும்பத்தின் செழிப்பைக் கண்டு பொறாமை கொண்ட அரச ஏவலர், அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தான் என்று வார்த்திகனைச் சிறையில் அடைக்கின்றனர். அவன் மனைவி கார்த்திகை கதறியழ, கொற்றவை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. தவற்றை உணர்ந்த பாண்டியன் அவனை விடுவித்து, பிறர் கொடுத்ததாயினும் புதையலாயினும் பெற்றவருக்கே உரியது என்று முரசறையச் செய்கிறான். அரசன் தன் உரிமையையே விட்டுக்கொடுத்த தீர்ப்பு இது.

அரசனா, கண்டெடுத்தவரா என்ற இந்த வழக்கில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் பொருளைத் தொலைத்தவர். அவரை முன்னிறுத்துவது இன்றைய சட்டம். 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்தவை மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்கள். இரண்டிலும் 403ஆம் பிரிவு இதைப் பற்றியதே. உரியவரிடம் சேர்ப்பதற்காக எடுத்து வைப்பது குற்றமன்று. உரியவர் யாரென அறிந்திருந்தும், அல்லது அறிய வழியிருந்தும், தேடாமல் நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்வது குற்றம்.

தொலைத்தது ஒன்று, கைவிட்டது வேறொன்று. இவ்வேறுபாட்டைத் திரைப்படங்கள் நமக்கு நன்றாகவே காட்டியுள்ளன. ஆற்றில் விடப்பட்ட கர்ணனை எடுத்து வளர்த்தவள் ராதை. அதனால் அவனுக்கு ராதேயன் என்றும் பெயர். ‘கர்ணன்’ (1964) படம் அக்கதையைச் சொன்னது. ‘தளபதி’ (1991) குழந்தையைச் சரக்கு ரயிலில் வைத்து அதையே புதிதாகச் சொன்னது. பெற்றவள் பின்னாளில் வந்து நிற்கும்போது நம் கண்கள் கலங்குகின்றன. ஆயினும் வளர்த்தவளின் உரிமையை நாம் மறுப்பதில்லை. எடுத்ததால் மட்டும் வந்த உரிமையன்று அது. பேணி வளர்த்ததால் வந்தது.

நம் விடுதிகளுக்கும் இது பொருந்தும். தவணை முடிந்து ஊர் திரும்பும் மூத்த மாணவர், “யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுச்செல்லும் மின்விசிறி கைவிட்ட பொருள். கணினிக் கூடத்தில் மறந்து வைக்கப்பட்ட பென்டிரைவ் அப்படியன்று. அதற்குள் ஒருவரின் ஆய்வேடே இருக்கலாம். அடையாள அட்டையுள்ள பணப்பையில் உரியவரின் பெயரே இருக்கிறது. அத்தகைய பொருள் கையில் கிடைத்தால், அன்றே அலுவலகத்தில் ஒப்படைத்து, அறிவிப்புப் பலகையில் நான்கு வரி எழுதி ஒட்டுவதே முறை என்பது என் கருத்து.