ஏழு கன்னியர் மலை விபத்தும் விமானிகளின் பயிற்சியும்

1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணியளவில், நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்துள்ள ஏழு கன்னியர் மலைத்தொடரில் டீ.சீ. 8 ரக விமானமொன்று மோதிச் சிதறியது. சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜெத்தா செல்லவிருந்த அவ்விமானம் ஒல்லாந்து நாட்டு மார்ட்டினெயர் நிறுவனத்துக்குரியது. அதிலிருந்த இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர் 182 பேரும் பணியாளர் 9 பேரும் மாண்டனர். மஸ்கெலியாத் தோட்டப்புறங்களில் இவ்வனர்த்தம் இன்றும் நினைவுகூரப்படுகின்றது. ஆயின், விமானிகளின் பயிற்சி குறித்து அது எழுப்பும் வினாக்கள் நம்மிடையே அரிதாகவே பேசப்படுகின்றன. அவற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கிழக்கிலிருந்து கட்டுநாயக்காவை நோக்கி வரும் விமானம் மத்திய மலைநாட்டின் உயர்நிலங்களைக் கடந்தாகவேண்டும். பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரமுடையது. மலைகளைக் கடந்துவிட்டோமென ஐயமற அறியும்வரை குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரத்தின் கீழ் இறங்கலாகாது என்பது பறத்தலின் அடிப்படை விதி. விபத்து நிகழ்ந்த இடமோ விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தொலைவிலுள்ளது. விமானிகள் தம் இருப்பிடத்தைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பு உயரத்தின் கீழ் இறங்கியமையே காரணமென விசாரணையாளர் முடிவு செய்தனர்.

இத்தவறு எவ்வாறு நேர்ந்தது? விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை றேடாரையும் விமானிகள் சார்ந்திருந்தமை பிழையான விளக்கத்துக்கு இடமளித்தது என்பது விசாரணையாளர் கருத்து. டொப்ளர் கருவி விமானத்தின் தரைவேகத்தையும் பக்கவிலகலையும் அளந்து, கடந்த தூரத்தைக் கூட்டிச்சொல்வது. நீண்ட கடற்பயணத்தில் அதன் சிறு வழுக்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகலாம். வானிலை றேடார் காட்டும் தோற்றமோ பார்ப்பவரின் ஊகத்துக்கு உட்பட்டது. எனவே, ஒரு கருவி கூறுவதை அதனைச் சாராத பிறிதொரு கருவியால் உறுதிசெய்தல் இன்றியமையாதது. விமானத்தை இயக்கும் கைத்திறனைப் போலவே, தன் கணிப்பைத் தானே ஐயுறும் மனப்பழக்கமும் பயிற்சியால் வளர்க்கப்படவேண்டியது என்பதை இங்குக் காண்கிறோம்.

இவ்விபத்துக்கு மூன்று நாட்கள் முன்னர், அமெரிக்காவின் வேர்ஜீனியாவிலும் விமானமொன்று மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதனையடுத்து, தரை நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அந்நாட்டின் பெரிய பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், அக்கருவி நேர் கீழேயுள்ள நிலத்தையே அளந்தமையால், செங்குத்தாக எழும் மலையின்முன் அதன் எச்சரிக்கை காலந்தாழ்த்தியே கிடைத்தது. நிலவுருவப் பதிவோடு ஒப்பிட்டு முன்னுள்ள மலையை அறிவிக்கும் கருவி 1990களின் பிற்பகுதியிலேயே வந்தது.

கருவிகள் வளர்ந்தமை உண்மையே. ஆனால் பயிற்சி? சர்வதேச விதிகளின்படி வர்த்தக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரப் பறத்தல் அனுபவம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியாயின் 150 மணிநேரம் போதும். மணிக்கணக்கு அனுபவத்தின் அளவைக் காட்டுமேயன்றி அதன் தன்மையைக் காட்டாது. 2023இல் மட்டும் இந்தியாவின் இண்டிகோ நிறுவனம் 500 விமானங்களுக்கும், எயார் இந்தியா 470 விமானங்களுக்கும் கட்டளையிட்டன. விமானங்களைப் பணங்கொடுத்து வாங்கலாம். தேர்ந்த விமானியையும் அவரைப் பயிற்றும் ஆசிரியரையும் அவ்வேகத்தில் உருவாக்கல் இயலாது. பயிற்சிச் செலவைப் பயிலுநரே கடன்பட்டுச் சுமக்குமிடத்து, விரைந்து முடித்து வேலைக்குச் செல்லும் நெருக்கடியும் மிகுகின்றது.

1978 நவம்பர் 15ஆம் திகதி, இம்முறை ஜெத்தாவிலிருந்து சுரபாயாவுக்கு ஹஜ் யாத்திரிகரை ஏற்றிச்சென்ற ஐஸ்லாந்து விமானமொன்று கட்டுநாயக்காவுக்கு அருகே வீழ்ந்தது. 183 பேர் மாண்டனர். விமானிகள் இறங்குமுறையைப் பின்பற்றவில்லையென இலங்கை விசாரணை கூறிற்று. தரையிலிருந்த வழிகாட்டும் கருவிகளிலும் றேடார் வழிகாட்டலிலும் குறைகண்டது ஐஸ்லாந்துத் தரப்பு. ஒவ்வொரு தரப்பும் மற்றதன் பிழையைச் சுட்டியமை மனங்கொள்ளத்தக்கது.

‘விமானியின் தவறு’ என்னும் தீர்ப்போடு ஆராய்ச்சியை முடித்துக்கொள்வது எளிது. தோட்டத்தில் விபத்து நேரின், தொழிலாளியின் கவனக்குறைவு என்று கோவையை மூடிவிடுவதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. அத்தவறு ஏன் இயலக்கூடியதாயிற்று, அதனைத் தடுக்கும் பயிற்சியும் கருவியும் மேற்பார்வையும் எங்கே குறைந்தன என்று வினவும்போதே அறிவு தொடங்குகின்றது. ஏழு கன்னியர் மலையில் மாண்டோர், வாழ்நாட் கடமையொன்றை நிறைவேற்றப் புறப்பட்ட மக்கள். விமானம் எவ்வழியிற் செல்கின்றது, அதனைச் செலுத்துவோர் எவ்வாறு பயிற்றப்பட்டனர் என்பவற்றை அவர்கள் அறிய வழியில்லை. அறிய இயலாதோரின் சார்பில் வினவுவது அரசுகளின் கடமை. அவ்வினாவை இடையறாது எழுப்புவது நம் கடமை.