40 பேர் கச்சேரியிலிருந்து நம்பர் 1 ஆல்பம் வரை... பிரிட்டனின் இண்டி பேண்டுகளை வளர்ப்பது யார்?

இன்று ஒரு புது பேண்ட் பாட்டு வெளியிட பெரிய மியூசிக் கம்பெனி எதுவும் தேவையில்லை. ஒரு லேப்டாப் போதும். ராத்திரி அப்லோடு செய்தால் காலையில் உலகம் முழுக்கக் கிடைத்துவிடும். ஆனால் பாட்டு கிடைப்பது வேறு, அதை யாராவது கேட்பது வேறு. கோடிக்கணக்கான பாட்டுகளுக்கு நடுவில், பெயரே தெரியாத நான்கு பேரின் பாட்டை முதலில் கண்டுபிடிப்பது யார்?

பிரிட்டனில் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 50 வருஷமாக ஒரே பதில்தான். நூறு, இருநூறு பேர் நின்று பார்க்கும் சின்ன ஹாலும், தெருமுனை ரெக்கார்டு கடையும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. இதில் அழிந்தே போகும் என்று எல்லோரும் நினைத்த ரெக்கார்டு கடை மீண்டு வந்துவிட்டது. இப்போது ஆபத்தில் இருப்பது ஹால்.

‘இண்டி’ என்றால் என்ன?

இண்டி என்றதும் ஒரு மாதிரியான கிட்டார் இசை நினைவுக்கு வரும். உண்மையில் அது இசையின் பெயர் இல்லை, வியாபார முறையின் பெயர். ‘இண்டிபெண்டென்ட்’ என்பதன் சுருக்கம். பெரிய கம்பெனிகளைச் சாராமல் ரெக்கார்டு தயாரித்து, அவர்களுடைய லாரிகளில் ஏற்றாமல் கடைகளுக்குக் கொண்டுபோனால் அது இண்டி. 1980 ஜனவரியில் பிரிட்டனில் இண்டி பாடல்களுக்குத் தனி விற்பனைப் பட்டியல் வந்தபோதும் இதுதான் அளவுகோல். பாட்டு எப்படி ஒலிக்கிறது என்று பார்க்கவில்லை, யார் விநியோகம் செய்தார்கள் என்றுதான் பார்த்தார்கள்.

எல்லாம் எங்கே ஆரம்பித்தது?

1976 ஜூன் 4. மான்செஸ்டரில் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற சின்ன அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தார்கள். ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு உள்ளூர் இளைஞர்கள். டிக்கெட் 50 பென்ஸ். வந்தவர்கள் சுமார் 40 பேர்தான்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் விஷயம். பின்னாளில் ஜாய் டிவிஷனில் வாசித்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் அங்கே இருந்தார்கள். ‘தி ஃபால்’ பேண்டின் மார்க் இ. ஸ்மித், ‘தி ஸ்மித்ஸ்’ பாடகர் மோரிஸ்ஸி ஆகியோரும் இருந்தார்கள். ‘இதை நாமும் செய்யலாமே’ என்ற எண்ணம் அந்த ஹாலிலிருந்து வீட்டுக்குப் போனது.

ஏற்பாடு செய்த இருவரின் பேண்ட்தான் பஸ்காக்ஸ். அடுத்த ஜனவரியில் 500 பவுண்ட் கடன் வாங்கி, ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற ரெக்கார்டைத் தாங்களே 1,000 காப்பி அடித்தார்கள். எந்தக் கம்பெனியும் பின்னால் இல்லை. 1,000 காப்பியும் சீக்கிரமே தீர்ந்து, பல ஆயிரமாக விற்பனை வளர்ந்தது. ரெக்கார்டு போட லண்டனுக்குப் போய் கம்பெனி வாசலில் நிற்கத் தேவையில்லை என்று வெளியூர்ப் பையன்களுக்குப் புரிந்தது.

கடை எப்படி நெட்வொர்க் ஆனது?

சரி, 1,000 காப்பி அடித்தாயிற்று. விற்பது யார்? இங்கேதான் ரெக்கார்டு கடைகள் வருகின்றன.

1976-ல் ஜெஃப் டிராவிஸ் என்பவர் மேற்கு லண்டனில் ‘ரஃப் டிரேட்’ கடையைத் திறந்தார். சொந்தமாக ரெக்கார்டு போட்ட பேண்டுகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்கே வந்தார்கள். கடை அதை வாங்கி விற்றது. மற்ற ஊர்க் கடைகளுக்கும் அனுப்பியது. 1978-ல் அதே பெயரில் லேபிளும் ஆரம்பித்தார்கள். லிவர்பூல், பிரிஸ்டல், யார்க், நார்விச், எடின்பரோ என ஒவ்வொரு ஊரிலும் இருந்த கடைகளும் விநியோகஸ்தர்களும் ‘தி கார்ட்டெல்’ என்ற பெயரில் கைகோத்தார்கள். ஒரு ஊரில் அடித்த ரெக்கார்டு சில நாட்களில் நாடு முழுக்கக் கிடைக்கும் நிலை வந்தது. 1983-ல் தி ஸ்மித்ஸின் முதல் சிங்கிள் வெளிவந்தது ரஃப் டிரேட் லேபிளில்தான்.

கடைக்காரருக்கு இதில் இன்னொரு வேலையும் இருந்தது. கவுன்டரில் நிற்பவர் நாள் முழுக்கப் பாட்டு கேட்பவர். ‘போன தடவை அதை வாங்கினீங்களே, இதைக் கேட்டுப் பாருங்க’ என்று கையில் எடுத்துக் கொடுப்பார். இன்று ஆப்பின் அல்காரிதம் செய்யும் வேலைதான் இது. ஒரே வித்தியாசம், பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் வந்து அவரிடமே சண்டை போடலாம்!

இன்றைக்கும் இந்த வழி வேலை செய்கிறதா?

செய்கிறது. சமீபத்திய உதாரணம், தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதியில் இருக்கும் ‘தி விண்ட்மில்’ என்ற பப். சுமார் 150 பேர்தான் நிற்க முடியும். ஷேம், கோட் கேர்ள், ஸ்க்விட், பிளாக் கன்ட்ரி நியூ ரோடு என வரிசையாகப் பல பேண்டுகள் அங்கே வாசித்து வளர்ந்தன.

‘பிளாக் மிடி’யும் அங்கே வாசித்த பேண்ட்தான். 2018-ல் அவர்களுடைய முதல் சிங்கிளை ‘ஸ்பீடி வுண்டர்கிரவுண்ட்’ என்ற குட்டி லேபிள் வெளியிட்டது. 2019-ல் முதல் ஆல்பம், ரஃப் டிரேட் லேபிளில். பப், குட்டி லேபிள், பெரிய இண்டி லேபிள் என்று படிப்படியாக ஏறினார்கள்.

இன்டர்நெட்டால் வளர்ந்த பேண்ட் என்று சொல்லப்படும் ஆர்க்டிக் மங்கீஸின் கதையும் இதுதான். ஷெஃபீல்டின் சின்ன மேடைகளில் வாசித்துவிட்டு, வந்தவர்களுக்கு டெமோ சிடிக்களை இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிப் போன ரசிகர்கள்தான் அதை நெட்டில் ஏற்றிப் பரப்பினார்கள். 2005-ல் டொமினோ என்ற இண்டி லேபிளில் கையெழுத்துப் போட்டார்கள். 2006 ஜனவரியில் வந்த முதல் ஆல்பம் பிரிட்டனில் ஒரே வாரத்தில் 3.6 லட்சத்துக்கும் மேல் விற்று நம்பர் 1 ஆனது. நெட் பரப்பியது உண்மை. ஆனால் பரப்புவதற்கான சிடி கைமாறியது ஹால் வாசலில்.

ஸ்ட்ரீமிங் காசு போதாதா?

போதாது. ஸ்பாட்டிஃபையில் ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று நிலையான ரேட் கிடையாது. இசைத்துறையினர் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு 0.3 முதல் 0.5 சென்ட். அந்தக் கணக்கில் 10,000 முறை கேட்கப்பட்டால் 30 முதல் 50 டாலர். அதில் லேபிளுக்குப் பங்கு போகும். மீதியை நான்கு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். 2024 முதல் இன்னொரு விதி வேறு. 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அங்கே காசே கிடையாது.

இதற்குப் பக்கத்தில், கச்சேரி முடிந்ததும் ஹால் ஓரத்தில் பேண்ட் போடும் மேஜையை வைத்துப் பாருங்கள். டி-ஷர்ட், வினைல் ரெக்கார்டு, கேசட் எல்லாம் இருக்கும். இரண்டு டி-ஷர்ட் விற்றாலே, ஆயிரக்கணக்கான ஸ்ட்ரீமிங்கில் வரும் தொகையை நெருங்கிவிடலாம். காசும் அன்றைக்கே கைக்கு வரும். அடுத்த ஊருக்குப் போகும் வேனுக்கு டீசல் போடுவது பெரும்பாலும் இந்த மேஜைதான்.

கடை மீண்டது எப்படி?

2007-ல் பிரிட்டனில் விற்ற வினைல் ஆல்பங்கள் சுமார் 2 லட்சம்தான். 2024-ல் சுமார் 67 லட்சம். இதற்கு ஒரு காரணம், 2008-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த ‘ரெக்கார்டு ஸ்டோர் டே’. வருஷத்தில் ஒரு சனிக்கிழமை, தனியார் சிறு கடைகளில் மட்டும் கிடைக்கும் ஸ்பெஷல் ரெக்கார்டுகளை வெளியிடுகிறார்கள். விடியும் முன்பே கடை வாசலில் வரிசை நிற்கும்.

இன்னொரு காரணம், கடையே மேடையாக மாறியது. ஆல்பம் வெளியாகும் வாரத்தில் பேண்ட் ஊர் ஊராக ரெக்கார்டு கடைகளில் வாசிக்கும். ஆல்பம் வாங்கினால் டிக்கெட் சேர்ந்தே வரும். கடையில் இடம் போதாவிட்டால் பக்கத்து ஹாலில் வைத்துவிடுவார்கள். அதற்கு ‘அவுட்ஸ்டோர்’ என்று பெயர். லண்டனின் கிங்ஸ்டன் பகுதியில் உள்ள ‘பேன்க்வெட் ரெக்கார்ட்ஸ்’ இதில் ரொம்பப் பிரபலம். விற்கும் ஒவ்வொரு ஆல்பமும் சார்ட்டில் கணக்காகும் என்பதால் பேண்டுக்கும் லாபம், கடைக்கும் லாபம்.

அப்படியானால் பிரச்னை எங்கே?

ஹாலில். சின்ன அரங்குகளுக்கான ‘மியூசிக் வென்யூ டிரஸ்ட்’ 2014-ல் தொடங்கப்பட்டது. அதன் நிறுவனர் மார்க் டேவிட், டன்பிரிட்ஜ் வெல்ஸ் நகரில் ‘தி ஃபோரம்’ அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த அரங்கு ஒரு காலத்தில் பொதுக்கழிப்பிடம்! அந்த டிரஸ்டின் கணக்குப்படி, 2023-ல் மட்டும் 125 சின்ன அரங்குகள் மூடப்பட்டன அல்லது நேரடி இசையை நிறுத்தின. பாத் நகரின் ‘மோல்ஸ்’ அவற்றில் ஒன்று. 1978-ல் ஆரம்பித்து 45 வருஷம் ஓடிய கிளப் அது. ரேடியோஹெட், ஓயசிஸ் எல்லாம் பெரிய ஆளாகும் முன் அங்கே வாசித்தவர்கள்.

2024-ல் இந்த அரங்குகளின் சராசரி லாபம் 0.48 சதவிகிதம். அதாவது 100 பவுண்ட் வருமானம் வந்தால், மிஞ்சுவது 50 பென்ஸுக்கும் குறைவு. நூற்றில் 43 அரங்குகளுக்கு மேல் நஷ்டத்தில் ஓடின. பெரும்பாலானவை வாடகைக் கட்டடங்கள். வாடகையும் கரன்ட் பில்லும் ஏறிவிட்டன. பக்கத்தில் புது அபார்ட்மென்ட் வந்தால் சத்தம் என்று புகாரும் வரும்.

இதன் விளைவு பேண்டுகளின் பயணத்தில் தெரிகிறது. அதே டிரஸ்டின் அறிக்கைப்படி, 1994-ல் சின்ன அரங்குகளில் சுற்றும் ஒரு டூரில் சராசரியாக 22 ஷோ இருந்தது. 2024-ல் அது 11 ஆகிவிட்டது. பாதி! பட்டியலிலிருந்து விழுந்தவை பெரும்பாலும் சிறிய ஊர்கள். அந்த ஊரில் இருக்கும் 17 வயதுப் பையனோ பொண்ணோ, ‘இதை நாமும் செய்யலாமே’ என்று நினைக்க ஒரு ராத்திரி கிடைக்காமல் போகிறது. மான்செஸ்டரில் அந்த 40 பேருக்குக் கிடைத்தது அதுதானே?

தீர்வு என்ன?

ஸ்டேடியம் ஷோக்களின் டிக்கெட்டில் சிறு தொகையைச் சின்ன அரங்குகளுக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை வலுத்திருக்கிறது. 2024 மே மாதம் நாடாளுமன்றக் குழு இதைப் பரிந்துரைத்தது. நவம்பரில் அரசும் ஆதரித்தது. ஆனால் சட்டமாக அல்ல, இசைத்துறை தானாக முன்வந்து செய்யட்டும் என்று. என்டர் ஷிகாரி பேண்ட் 2024 டூரில் டிக்கெட்டுக்கு 1 பவுண்ட் கொடுத்தது. கோல்ட்ப்ளே, 2025 பிரிட்டன் ஷோக்களில் தங்கள் பங்கில் 10 சதவிகிதம் தருவதாக அறிவித்தது.

ரசிகர்களே பணம் போட்டுக் கட்டடத்தை வாங்குவது இன்னொரு வழி. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போட்ட பங்குப் பணத்தில், 2023-ல் ஆதர்ட்டன் ஊரின் ‘தி ஸ்னக்’ அரங்கு முதலாவதாக வாங்கப்பட்டது. இனி அங்கே வாடகைக்காரரைக் காலி பண்ணச் சொல்ல ஆள் கிடையாது.

புது பேண்டைப் பின்தொடர்வது எப்படி?

படிப்புக்கோ வேலைக்கோ பிரிட்டன் போனவர்களுக்கும், இங்கிருந்தே கேட்பவர்களுக்கும் சில வழிகள்:

1. பேண்டைத் தேடாதீர்கள், ஹாலைத் தேடுங்கள். லண்டன் விண்ட்மில், லீட்ஸ் ப்ரூடெனல் சோஷியல் கிளப், கிளாஸ்கோ கிங் டட்ஸ் போன்ற இடங்களின் மாத நிகழ்ச்சிப் பட்டியலே ஒரு நல்ல பிளேலிஸ்ட். 1993-ல் ஓயசிஸை ஆலன் மெக்கீ கண்டுபிடித்தது, 300 பேர் கொள்ளும் அந்த கிங் டட்ஸில்தான்.

2. சீக்கிரம் போங்கள். முதலில் வாசிக்கும் ‘சப்போர்ட்’ பேண்டுதான் பல நேரங்களில் அடுத்த வருஷத்தின் மெயின் பேண்ட்.

3. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்குங்கள். முன்பதிவு குறைவாக இருந்தால் ஷோவையே ரத்து செய்துவிடுவது உண்டு.

4. ரெக்கார்டு கடைக்குப் போனால் பேச்சுக் கொடுங்கள். மான்செஸ்டரின் பிக்கடில்லி ரெக்கார்ட்ஸ், லிவர்பூலின் ப்ரோப், 1894-ல் ஆரம்பித்து உலகின் மிகப் பழைய ரெக்கார்டு கடை என்று சொல்லப்படும் கார்டிஃப்பின் ஸ்பில்லர்ஸ் ஆகிய மூன்றும் இன்னும் இயங்குகின்றன.

5. தூரத்தில் இருந்தால் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்கலாம். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது பொதுவாக 15 சதவிகிதம். ‘பேண்ட்கேம்ப் ஃப்ரைடே’ நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறது.

ஒரு பேண்ட் பெரிதான பிறகு டிக்கெட் வாங்க லட்சம் பேர் வருவார்கள். அப்போது நாம் போகாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 40 பேர் மட்டுமே இருக்கும் ஹாலில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் மேடையில் நிற்பவர்களுக்குத் தெரியும்.