கேட்டு, பதிந்து, தொகுத்து: இசை மென்பொருளில் ஒரு செய்முறைப் பயிலரங்கு

கலைத் திருவிழா நெருங்கும் நாள்களில் பல பள்ளிகளில் இதைப் பார்க்கிறோம். நாடகத்துக்கும் நடனத்துக்கும் பின்னணி இசை தேவைப்படுகிறது. யாரோ ஒருவர் கைப்பேசியில் தேடி ஏதோ ஒரு பாட்டை இறக்கித் தருகிறார். அதில் வேண்டிய பகுதி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிய வேண்டும் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நிகழ்ச்சியின்போது மேடையோரம் நின்று விரலால் தட்டி நிறுத்துவதும் அவர்தான். அதே பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் கணினிகளும் ஹெட்போன்களும் இருக்கின்றன. ஒலியைப் பதியவும் வெட்டவும் சேர்க்கவும் கட்டணமில்லா மென்பொருள்கள் கிடைக்கின்றன. இவற்றை மாணவர்களின் கையில் சேர்க்க இரண்டு அரைநாள் பயிலரங்கு போதும்.

நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். முறையாக இசை கற்றதில்லை. எங்கள் உயர்நிலைப் பள்ளியில் 8, 9ஆம் வகுப்பு மாணவர்களுக்கு மூன்று முறை இந்தப் பயிலரங்கை நடத்தியிருக்கிறோம். ஏற்பாடு செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்று கருதி எங்கள் நடைமுறையை இங்கே பகிர்கிறேன்.

எந்த மென்பொருள்?

ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ். ஆகிய இரண்டைத் தேர்ந்தெடுத்தோம். ஆடாசிட்டி அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000ஆம் ஆண்டு வெளியானது. குரலையும் ஒலியையும் பதிந்து தொகுக்க ஏற்றது. எல்.எம்.எம்.எஸ். 2004இல் தொடங்கப்பட்டது. தாளமும் மெட்டும் அமைக்க ஏற்றது. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் இயங்கும். ஒருமுறை நிறுவிவிட்டால் பதிவுக்கும் தொகுப்புக்கும் இணைய இணைப்பு தேவையில்லை. உரிமம் வாங்க வேண்டியதில்லை என்பதால், வீட்டில் மடிக்கணினி உள்ள மாணவர் அங்கும் நிறுவிக்கொள்ளலாம்.

முன்தயாரிப்பு

தலைமையாசிரியரின் அனுமதியைப் பெற்றபின், ஆய்வகப் பொறுப்பாளருடன் ஒருவாரம் முன்பே அமர்ந்துவிட வேண்டும். ஒவ்வொரு கணினியிலும் மென்பொருளைத் திறந்து, ஐந்து விநாடி பதிந்து, திரும்பக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒலி எந்த மைக் வழியாக உள்ளே வருகிறது என்பதைப் பெரும்பாலும் கைமுறையாகத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்கும் ஹெட்போன், தளர்ந்த இணைப்பு போன்றவை அப்போதே தெரிந்துவிடும். பயிலரங்கு தொடங்கிய பிறகு இவற்றைச் சரிசெய்யப் போனால் முதல் ஒரு மணி நேரம் அதிலேயே கழியும்.

அடுத்தது பதிவுக்கான இடம். பத்துக் குழுக்கள் ஒரே அறையில் பதிவு செய்தால் எல்லார் குரலும் எல்லார் பதிவிலும் விழும். எனவே பதிவுக்குத் தனி அறை வேண்டும். எங்கள் பள்ளியில் விலையில்லாப் பாடநூல்களை அடுக்கி வைத்திருக்கும் அறை அதற்கு மிகப் பொருத்தமாக அமைந்தது. புத்தகக் கட்டுகள் ஒலியை உள்வாங்கிக்கொள்வதால் எதிரொலிப்பு குறைவு. மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். ஒரு குழு அங்கே பதியும்போது மற்றக் குழுக்கள் ஆய்வகத்தில் மாதிரிப் பதிவு ஒன்றைத் தொகுத்துப் பழகலாம்.

ஆய்வகச் சுவரில் ஓர் அட்டை போதும். பதிவு, இயக்கு, நிறுத்து, வெட்டு, ஒட்டு, முந்தைய நிலைக்குத் திரும்பு, சேமி, ஏற்றுமதி செய் என எட்டே எட்டுச் செயல்களை மட்டும் அதில் எழுதி வைத்தோம். மென்பொருளில் உள்ள மற்ற நூற்றுக்கணக்கான வசதிகளை முதல் நாளில் தொடுவதில்லை.

கை, காது, குறிப்பு

செய்முறைப் பயிலரங்கு என்று பெயர் வைத்தால் மட்டும் எல்லாரும் செய்துவிடுவதில்லை. 30 மாணவர்கள், 10 கணினிகள் என்றால் ஒரு கணினிக்கு மூவர். வீட்டில் கணினி உள்ள மாணவர் இயல்பாக நடுவில் அமர்வார், மவுஸ் அவர் கைக்குப் போகும். இருபுறமும் இருப்பவர்கள் திரையைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அப்படி ஓரத்தில் அமர்வது பெண் பிள்ளைகளும், வீட்டில் கணினியையே பார்த்திராத பிள்ளைகளும்தான். இரண்டு நாள் முடிந்து வருகைப் பதிவேட்டில் 30 பெயர்கள் இருக்கும். கற்றுக்கொண்டவர்கள் பத்துப் பேராக இருப்பார்கள்.

இதற்கு நாங்கள் கடைப்பிடிக்கும் முறை எளிது. குழுவில் ஒருவர் ‘கை’. மவுஸும் விசைப்பலகையும் அவருடையவை. ஒருவர் ‘காது’. ஹெட்போன் அணிந்து, எங்கே வெட்டலாம், எங்கே இரைச்சல் இருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. மூன்றாமவர் ‘குறிப்பு’. செய்த ஒவ்வொரு படியையும் குறிப்பேட்டில் எழுதுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கும், பொறுப்புகள் மாறும். தெரிந்தவர் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் இன்னொருவர் ‘கை’யாக இருக்கும்போது மவுஸைத் தொடக் கூடாது. பயிலரங்கில் கண்டிப்பாக இருக்க வேண்டிய ஒரே விதி இதுதான். தொடக்கத்தில் வேலை மெதுவாக நகரும். நன்றாகத் தெரிந்த மாணவர் பொறுமையிழப்பார். இரண்டாவது சுற்றுக்குள், தான் அறிந்ததை வாயால் விளக்க அவரும் பழகிவிடுவார்.

முதல் நாள்: கேட்டலும் பதிதலும்

கணினியைத் திறக்கும் முன் பத்து நிமிடம் அனைவரும் பள்ளி வளாகத்தில் கண்மூடி அமர்ந்து, காதில் விழும் ஒலிகளைப் பட்டியலிட வேண்டும். சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் உருளும் ஓசை, கைப்பம்பு, காகம், பேருந்தின் ஹாரன், மூன்றாம் வகுப்பின் வாய்ப்பாடு. இவற்றிலிருந்து ஒவ்வொரு குழுவும் மூன்று ஒலிகளைத் தேர்ந்து பதிந்து, ஒரு நிமிட ஒலிச்சித்திரம் உருவாக்க வேண்டும். முதல் நாளின் இலக்கு அவ்வளவே.

பதியும்போது சொல்ல வேண்டியவை மூன்று. முதலாவது, பதிவின் தொடக்கத்தில் மூன்று விநாடி அமைதி விட வேண்டும். அந்த அமைதியில் பதியும் அறையின் இரைச்சலை மாதிரியாகக் கொடுத்தால்தான், இரைச்சல் குறைக்கும் வசதி முழுப் பதிவிலிருந்தும் அதை நீக்க முயலும். இரண்டாவது, திரையில் தெரியும் அலை, தடத்தின் மேல், கீழ் விளிம்புகளைத் தொடக் கூடாது. தொட்டால் ஒலி உடைந்துவிடும், பிறகு முழுமையாகச் சரிசெய்ய முடியாது. மூன்றாவது, வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி வேண்டும்.

சேமிப்பதிலும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘சேமி’ என்றால் உருவாவது தொகுப்புக் கோப்பு. அதை ஆடாசிட்டியில் மட்டுமே திறக்க முடியும். வீட்டில் கைப்பேசியில் போட்டுக் கேட்க வேண்டுமானால் வேவ் அல்லது எம்பி3 கோப்பாக ‘ஏற்றுமதி’ செய்ய வேண்டும். சமையலறையும் பரிமாறிய இலையும் போல என்று சொன்னால் மாணவர்களுக்கு உடனே விளங்குகிறது.

இரண்டாம் நாள்: தாளம்

எல்.எம்.எம்.எஸ்.-இல் தாளம் அமைக்கும் பகுதியில் ஒவ்வொரு கருவிக்கும் நேரே வரிசையாக 16 கட்டங்கள் இருக்கும். ஒலிக்க வேண்டிய கட்டத்தைச் சொடுக்கினால் போதும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையையும் கையால் தட்டிவிட்டு, எண்ணிக்கைக்கு இரண்டு கட்டங்களாக அதே 16இல் நிரப்பச் சொல்கிறோம். பிறகு கும்மியடிக்கச் சொல்கிறோம். எங்கள் ஊர்க் கும்மி மூன்று மூன்றாக நடப்பது. அது 16 கட்டங்களில் அடங்காது, 12 கட்டங்கள் வேண்டும் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கிறார்கள். நான்கும் மூன்றும் சந்திக்கும் எண் 12 என்று கணக்கு ஆசிரியர் மீச்சிறு பொது மடங்கை அங்கேயே நினைவூட்டினார்.

வேகத்தையும் கணக்காக்கலாம். நிமிடத்துக்கு 80 தட்டுகள் என்றால் ஒரு தட்டுக்கு 60 ÷ 80 = 0.75 விநாடி. எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றுக்கு 6 விநாடி. ஒரு நிமிடப் பாட்டுக்குப் பத்துச் சுற்றுகள்.

பாடநூலோடு இணைப்பு

அறிவியலில் ஒலி பற்றிய பாடம் நடத்துவோருக்கு ஆடாசிட்டி நல்ல துணைக்கருவி. மெதுவாகவும் உரக்கவும் ஒரே சொல்லைச் சொன்னால் வீச்சு மாறுவதைத் திரையில் காணலாம். 256 ஹெர்ட்ஸ் ஒலியை ஒரு தடத்திலும் 260 ஹெர்ட்ஸ் ஒலியை மற்றொரு தடத்திலும் உருவாக்கி ஒன்றாக இயக்கினால், விநாடிக்கு நான்கு விம்மல்களைக் காதால் எண்ணலாம்.

எதிரொலிக்கும் இதுபோல் ஒரு சோதனை உண்டு. மூல ஒலியும் எதிரொலியும் தனித்தனியாகக் கேட்க 0.1 விநாடி இடைவெளி வேண்டும், எனவே சுவர் சுமார் 17 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும் என்று கற்பிக்கிறோம். பதிந்த கைதட்டலுக்கு முதலில் 0.03 விநாடியும் பிறகு 0.3 விநாடியும் தாமதம் கொடுத்து எதிரொலி சேர்த்தால், சேர்ந்து கேட்பதையும் பிரிந்து கேட்பதையும் மாணவர் தாமே உணர்வர்.

கோப்பின் அளவும் ஒரு கணக்கே. மனிதக் காது கேட்கும் மேல் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதைப் பிடிக்க விநாடிக்கு அதன் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் வேண்டும். குறுந்தகட்டின் தரம் விநாடிக்கு 44,100 மாதிரிகள். ஒரு மாதிரிக்கு 2 பைட் என்றால் ஒரு தடத்தில் விநாடிக்கு 88,200 பைட், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.3 மெகாபைட். அதையே விநாடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டது என்று அன்றாடம் சொல்லும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கு அலுப்பதில்லை.

அவர்களுடைய ஒலிகள்

பயிலரங்கில் திரைப்படப் பாடல்களை எடுத்து ஒட்ட அனுமதிப்பதில்லை. அவற்றின் பதிப்புரிமை பிறருடையது. அதைவிட முக்கியமாக, பிறர் பாட்டை வெட்டும் மாணவர், தன் ஊரில் வெட்டிச் சேர்க்கத் தக்க ஒலி இருப்பதை அறியாமலே போய்விடுவார். வீட்டிலிருந்து ஒரு பாட்டோ கதையோ விடுகதையோ பதிந்து வரலாம், பாடியவரின் சம்மதத்தோடு மட்டும் என்று சொல்லியிருந்தோம்.

இரண்டாம் நாள் காலை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மற்றவர்கள் உள்ளே போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. “எங்க ஆயா பாடுன நடவுப் பாட்டு இருக்கு சார். அத வைக்கலாமா? சிரிப்பாங்களா?” என்று கேட்டாள். கைப்பேசியில் பதிந்திருந்த அந்த இரண்டு நிமிடப் பாட்டை அவளுடைய குழு எடுத்துக்கொண்டது. இரைச்சல் குறைக்கும் வசதியை முழு அளவில் பயன்படுத்தினார்கள். குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருவது போலாயிற்று. முந்தைய நிலைக்குத் திரும்பி, பாதி அளவில் மீண்டும் செய்தார்கள். நடுவில் ஓர் இருமல் வந்தது. வெட்டலாம் என்றான் ஒருவன். அப்போது ‘கை’யாக இருந்த அந்தப் பெண் வெட்டவில்லை. இறுதி அமர்வில் காரணம் கேட்டபோது, “அது எங்க ஆயா சார். இருமாம ஒரு பாட்டு பாடுனதில்ல” என்றாள். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். எங்கே வெட்டுவது, எதை விடுவது என்று காரணத்தோடு முடிவெடுப்பதே தொகுப்பாளரின் வேலை. அதை அன்று அவள் செய்தாள்.

பாட்டியின் சம்மதம் பெற்று அந்தப் பதிவைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒலிக்கவிட்டோம். சமூக ஊடகங்களில் மாணவர் குரல்களையும் வீட்டுப் பெரியவர்களின் குரல்களையும் பகிர்வதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம். பதிவுகள் பள்ளிக் கணினியிலும் உரியவர் வீட்டிலும் மட்டுமே இருக்கும்.

மதிப்பீடு

இசை நன்றாக இருக்கிறதா என்று மதிப்பெண் போடுவதில்லை. மூன்று கேள்விகளை மட்டும் பார்க்கிறோம். குழுவில் ஒவ்வொருவரும் தனியே ஒரு பதிவைச் செய்து, வெட்டி, ஏற்றுமதி செய்ய முடிகிறதா? குறிப்பேட்டைப் பார்த்து வேறொரு குழு அதே வேலையைச் செய்ய முடிகிறதா? தாம் எடுத்த ஒரு முடிவுக்குக் காரணம் சொல்ல முடிகிறதா? முதல் கேள்விக்கு 30 பேரும் செய்து காட்டிய பிறகே பயிலரங்கு முடிந்ததாகக் கொள்கிறோம்.

தொடக்கப் பள்ளிகளுக்கு

கணினி இல்லாத தொடக்கப் பள்ளியிலும் இதன் ஒரு பகுதியைச் செய்யலாம். ஆசிரியரின் கைப்பேசியில் உள்ள பதிவுச் செயலி போதும். ஒரு குழந்தை பாடப்பகுதியின் நான்கு வரிகளை வாசிப்பதைப் பதிந்து, அந்தக் குழந்தைக்கு மட்டும் கேட்கக் கொடுங்கள். தடுக்கிய இடத்தை நாம் சுட்டிக்காட்டும் முன் குழந்தையே கண்டுகொண்டு, “இன்னொரு தடவ படிக்கிறேன் டீச்சர்” என்று கேட்கும். அதே நான்கு வரிகளை ஒரு மாதம் கழித்துப் பதிந்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்தால், முன்னேற்றத்தைக் காட்ட வேறு சான்று தேவைப்படாது.

முழுப் பயிலரங்குக்கு நேரம் கிடைக்காத உயர்நிலைப் பள்ளிகள் ஒரே ஒரு பாடவேளையில் தொடங்கலாம். ஒரு கணினி, ஒரு மைக், மூன்று மாணவர்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு மணி. முதல் பத்து நிமிடம் மவுஸை யாரிடம் கொடுப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்யுங்கள். இதுவரை அதைத் தொடாத பிள்ளையிடம் கொடுங்கள்.