கடிகாரம் விழுங்கும் இரண்டரை மணி

சென்னையிலிருந்து பினாங்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர். ‘ரஜூலா’ கப்பல் காலத்தில் நாகப்பட்டினத்தில் தகரப் பெட்டியோடு ஏறியவர்கள், வங்கக் கடலில் நாள்கணக்கில் வாந்தியும் மயக்கமுமாகக் கிடந்துதான் பினாங்கின் ஜார்ஜ் டவுன் கரையைக் கண்டார்கள்.

2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் விட்டது. பறப்பது ஏறக்குறைய நாலு மணி நேரம். அதற்கு முன் பெரும்பாலும் கோலாலம்பூரில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. காத்திருப்பே பயணத்தைத் தின்றுவிடும்.

வேடிக்கை கடிகாரத்தில்தான். மலேசிய நேரம் இரண்டரை மணி முந்தியது. சென்னையில் இரவு 2 மணிக்குக் கிளம்பினால், பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையக் கடிகாரம் காலை எட்டரை காட்டும். தூக்கம் போச்சு! திரும்பும்போது அந்த இரண்டரை மணி வட்டியில்லாமல் கிடைத்துவிடும்: அங்கே 9 மணிக்கு ஏறினால், இங்கே பத்தரைக்கே இறங்கிவிடலாம்.