மேலதிக நேரம்: கடமையா, விருப்பமா?

  

பண்டத்தரிப்பிலிருந்து யாழ் நகருக்கு வேலைக்குச் செல்லும் ஓர் இளைஞரைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் பஸ் ஏறிச் சென்று, புடவைக்கடையொன்றில் நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்கிறார். வீடு திரும்பும் வேளையில் முகாமையாளர் அழைத்து, "தம்பி, புதுச் சரக்கு வந்திருக்கிறது, அடுக்கிவிட்டுப் போம்" என்கிறார். இளைஞர் மறுபேச்சின்றி நின்றுவிடுகிறார். மஃரிப் தொழுகையின் நேரம் கடந்துபோகிறது. மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாக ஊர் செல்லும் பஸ்களும் அருகிவிடுகின்றன. வீட்டிலே உம்மா வாசலைப் பார்த்தபடி இருக்கிறார்.

இது ஒரு நாள் நடந்தால் உதவி. நாள்தோறும் நடந்தால் அதற்கு வேறு பெயர். மூன்று மாதம் பொறுத்த அந்த இளைஞர், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். முகாமையாளர் அவரை நன்றியற்றவர் என்கிறார். அவரோ முகாமையாளரை இரக்கமற்றவர் என்கிறார். முதல் வாரத்திலேயே பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒரு விடயத்துக்காக வேலையும் போயிற்று, உறவும் போயிற்று.

ஏன் பேசுவதில்லை? அச்சமே காரணம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2009க்குப் பின்னர் திரும்பிவந்து வாழ்வைப் புதிதாகத் தொடங்கிய குடும்பங்களுக்கு ஒரு வேலையின் அருமை நன்கு தெரியும். ஆகவேதான் பெற்றோர், "முதலாளி சொன்னபடி நில், வாய் திறவாதே" என்று பிள்ளைக்குப் புத்தி சொல்கிறார்கள். அவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் வாய் திறவாமை வேலையைக் காப்பாற்றுவதில்லை என்பதை மேலே கண்டோம்.

இதற்கு அழகிய வழிகாட்டல் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் உண்டு. மத்யன் நகரில் ஒரு முதியவர் தம் மகள்மாரில் ஒருவரை மணமுடித்துத் தருவதாகவும், அதற்கு ஈடாகத் தம்மிடம் எட்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்றும் மூஸா (அலை) அவர்களிடம் கூறினார். பத்து ஆண்டுகளாகப் பூர்த்தி செய்தால் அது அவரது சொந்த விருப்பம் என்றும், தாம் அவரைச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்றும் அந்த முதியவரே சொன்னார். மூஸா (அலை) அவர்களும், இவ்விரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது அத்துமீறல் இருக்கக்கூடாது என்று உறுதிப்படுத்திக்கொண்டார்கள். அல்கஸஸ் அத்தியாயம் இதனை எடுத்துரைக்கிறது. எட்டு கடமை, மேலதிகமான இரண்டும் விருப்பம். வேலை தொடங்கும் முன்னரே இரு தரப்பினரும் இதைப் பேசி முடித்துவிட்டார்கள். நம் பேச்சின் சாரமும் இதுவேதான்.

சகோதரர்களே! நம் நாட்டுச் சட்டமும் இந்த எல்லையைக் கோடிட்டுக் காட்டுகிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாதாரண வேலை நேரம் சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். மேலதிக நேர வேலை வாரத்துக்கு 12 மணித்தியாலத்தை மீறலாகாது. அதற்குச் சாதாரண வீதத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். வாரத்தில் 28 மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் ஒன்றரை நாள் வார விடுமுறை உண்டு. இரண்டாம் ஆண்டிலிருந்து 14 நாள் வருடாந்த லீவும், சொந்த அலுவல், சுகவீனம் போன்ற நியாயமான காரணங்களுக்கு 7 நாள் லீவும் உண்டு. தொழிற்சாலை போன்ற வேறு பல தொழில்களுக்கு 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தனித்தனி விதிகள் இருக்கின்றன.

ஒரு கணக்குப் பாருங்கள். நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் சம்பளமின்றி நின்றால், வாரத்துக்கு ஆறு நாளாக, நான்கு வாரத்தில் 24 மணித்தியாலம் ஆகிறது. அது முழுதாக மூன்று நாள் உழைப்பு!

அப்படியானால் எவ்வாறு பேசுவது? முதலாவது, வேலையில் சேரும்போதே நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை நேரமும் விடுமுறையும் எழுத்தில் இருக்கட்டும். ஜும்ஆவுக்குச் செல்லும் நேரத்தையும், நோன்பு காலத்து ஒழுங்கையும் அன்றைக்கே பேசிக்கொள்ளுங்கள்; அந்த நேரத்தை எப்போது ஈடுசெய்வீர்கள் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். இரண்டாவது, மறுக்கும்போது மாற்று வழியொன்றையும் கூறுங்கள். "ஐயா, இன்றைக்கு ஏழு மணி வரை நிற்கிறேன். அதற்குப் பிறகு எனக்கு பஸ் இல்லை. மிச்சத்தை நாளைக்குக் காலையில் வந்து முடித்துத் தருகிறேன்" என்று பணிவோடு சொல்வதில் குற்றமில்லை. மூன்றாவது, மேலதிகமாக நின்ற நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். பேசியும் பயன் கிடைக்காவிடில் தொழில் திணைக்கள அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிட அந்தக் குறிப்பு உதவும்.

இரவிலே வாட்ஸ்அப்பில் வரும் வேலைச் செய்திகளுக்கும் இதே முறைதான். அவசரமானதற்கு உடனே பதில் சொல்லுங்கள். ஏனையவற்றைக் காலையில் கவனிப்பதாக முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். தன் நேரத்துக்கு எல்லை கேட்பவர், முதலாளியின் நேரத்துக்கும் எல்லை காக்க வேண்டும். பிந்தி வந்து, வேலை நேரத்தில் கைத்தொலைபேசியோடு பொழுதைக் கழித்துவிட்டு, மாலையானதும் உரிமை பேசுவது முறையாகாது. அந்த எட்டு மணித்தியாலமும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

கடை நடத்தும் பெரியவர்களே! உங்களிடம் நிற்கும் பிள்ளை வேறொரு தாயின் பிள்ளை. தாங்க முடியாத சுமையைப் பணியாளர்மீது ஏற்ற வேண்டாம் என்றும், ஏற்றினால் கூட நின்று உதவுங்கள் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். பெருநாள், தீபாவளிக் கால நெருக்கடியில் ஆட்கள் தேவைப்படலாம். அதை ஒரு வாரம் முன்னதாகச் சொல்லி, விருப்பத்தைக் கேட்டு, உரிய கூலியையும் வீடு செல்ல வழியையும் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் மனமுவந்து நிற்பார்கள்.

பெற்றோர்களே! இன்றிரவு பிள்ளை பிந்தி வந்தால் சம்பளத்தை மட்டும் விசாரியாதீர்கள். ஏன் பிந்தியது என்றும், அந்த நேரத்துக்குக் கூலி உண்டா என்றும் கேளுங்கள். பணிவாகவும் தெளிவாகவும் பேசும் பழக்கம் வீட்டில்தான் தொடங்குகிறது.

கடமையைக் குறைவின்றிச் செய்யவும், உரிமையைக் கண்ணியமாகக் கேட்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. வஸ்ஸலாம்.