கடைசிப் பத்தி இல்லாத பேட்டர்ன்

பிறந்த குழந்தைக்கு ஒரு ஜோடி கையுறையைக் குரோஷே ஊசியில் பின்ன ஒரு மாலைப்பொழுது போதும். அதற்கான பேட்டர்னை, அதாவது பின்னல் குறிப்பை, எழுதி முடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பின்னுவேன், அளவு கூடிவிட்டது என்று பிரிப்பேன், எண்ணிக்கையை மாற்றி எழுதுவேன். நான்கு பேரிடம் கொடுத்துப் பின்னச் சொல்லி, அவர்கள் தடுமாறிய வரிகளையெல்லாம் திருத்தினேன். அந்த இரண்டு பக்க பிடிஎஃப்பை 50 ரூபாய்க்கு விற்றேன். சில மாதங்கள் கழித்து, '500 பேட்டர்ன் 99 ரூபாய்' என்று விற்கப்பட்ட கட்டு ஒன்றைத் தோழி வாங்கி, அதிலிருந்து ஒரு கோப்பை எனக்கு அனுப்பினாள். நான் எடுத்த படங்கள், நான் எழுதிய வரிகள். என் பெயர் மட்டும் இல்லை. கடைசிப் பத்தியும் இல்லை.

பெயர் போனதைவிட அந்தப் பத்தி போனதுதான் என்னைப் பதறவைத்தது. அதில் எழுதியிருந்தது இதுதான்: பின்னி முடித்ததும் கையுறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். நூல் முனைகளை ஊசியால் உள்ளே செலுத்தி இறுக்குங்கள். உள்ளே ஓர் இழைகூடத் தளர்ந்து தொங்கக் கூடாது. தளர்ந்த நூலோ தலைமுடியோ பச்சிளங்குழந்தையின் விரலைச் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே பாதிக்கப்படும். கையுறை மூடியிருப்பதால் வெளியில் ஒன்றும் தெரியாது. குழந்தை காரணமில்லாமல் அழுதுகொண்டே இருந்தால், கையுறையையும் காலுறையையும் கழற்றி ஒவ்வொரு விரலையும் பாருங்கள். விரல் வீங்கிச் சிவந்து, நூல் சதைக்குள் அழுந்தியிருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

திருடியவர்களுக்கு இந்த வரிகள் வெறும் இடத்தை அடைக்கும் எழுத்து.

'ஒரு பின்னல் பேட்டர்னுக்கெல்லாமா உரிமை?' என்று கேட்பவர்கள் உண்டு. உண்டு என்பதே பதில். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக எழுதிய பேட்டர்ன் வரிகள் இலக்கியப் படைப்பு. நீங்கள் வரைந்த கட்டப்படமும் எடுத்த புகைப்படமும் கலைப்படைப்பு. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. பேட்டர்ன் வரிகளுக்கு அந்த உரிமை எழுதியவரின் ஆயுளுக்கும், அதற்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும்.

ஆனால் அந்த உரிமைக்கு எல்லையும் இருக்கிறது. எழுதிய விதத்துக்குத்தான் பதிப்புரிமை, கருத்துக்கு இல்லை. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதைத்தான். செயின், டபுள் குரோஷே போன்ற அடிப்படைப் பின்னல்கள் எவருக்கும் சொந்தமல்ல. என் கையுறையைப் பார்த்து, நீங்களே கண்ணி எண்ணி, உங்கள் சொற்களில் எழுதினால் அது திருட்டாகாது. 1887இல் இறந்த பிரிட்டனின் ரீகோ டி லா பிராஞ்சர்டியேர் வெளியிட்ட குரோஷே நூல்களை, உரிமைக் காலம் முடிந்துவிட்டதால், இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். பொருளின் தோற்றத்தையே காக்க வேண்டுமென்றால் வழி வேறு: 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். பாதுகாப்பு முதலில் 10 ஆண்டுகள், நீட்டித்தால் மேலும் 5. வடிவமைப்பு புதியதாக இருக்க வேண்டும் என்பதால், இணையத்தில் படம் போடுவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பலர் தவறவிடுவது இங்கேதான்.

பேட்டர்னை வாங்கிப் பின்னிய கையுறையை விற்கலாமா? பேட்டர்னில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று பாருங்கள், இல்லையேல் எழுதியவரையே கேளுங்கள். நான் தடுப்பதில்லை. கைவலிக்கப் பின்னியவர் விற்கட்டும். பிடிஎஃப்பைக் குழுவில் போடுவதுதான் தவறு.

உங்கள் பேட்டர்ன் திருடுபோனால் முதலில் ஆதாரத்தைச் சேருங்கள்: பிரித்துப் பின்னிய காலத்துப் படங்கள், பழைய வரைவுகள், திருட்டுப் பிரதியின் திரைப்பிடிப்பு, அதன் இணைப்பு, தேதி. பிறகு அது இருக்கும் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதிப்புரிமை விதிகள் 2013இன் 75ஆம் விதிப்படி, புகாரில் திருப்தி அடைந்தால் 36 மணி நேரத்துக்குள் தளம் அந்தப் பிரதியை முடக்க வேண்டும். அந்த முடக்கம் 21 நாட்களுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற ஆணை பெற்றுத் தருவதாகப் புகாரிலேயே உறுதி கூற வேண்டும். ஆணை வராவிட்டால் தளம் அதை மீண்டும் திறந்துவிடலாம். தெரிந்தே மீறுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. 500 ரூபாய் கட்டணத்தில் பதிப்புரிமையைப் பதிவு செய்து வைத்திருந்தால் வழக்கில் அது நல்ல சான்று.

வாங்குபவர்களுக்கு இப்போது வேறொரு ஆபத்து. செயற்கை நுண்ணறிவு வரைந்த அழகான பொம்மைப் படத்தைக் காட்டி, பின்னவே முடியாத பேட்டர்னை விற்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணிகளைப் பாருங்கள். ஒரு கண்ணி எங்கிருந்து கிளம்பி எங்கே போகிறது என்று தெரியவில்லையா, நகர்ந்துவிடுங்கள். பின்புறப் படத்தைக் கேளுங்கள். எண்ணிக்கையையும் கூட்டிப் பாருங்கள். 6 கண்ணியில் தொடங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டால் 12. அடுத்த சுற்றில் ஒன்றுவிட்டு ஒன்றில் கூட்டினால் 18. அந்த இடத்தில் 20 என்று இருந்தால், எழுதியவர் ஊசியைத் தொடவில்லை அல்லது கவனமாக எழுதவில்லை. எந்த நாட்டுச் சொல்வழக்கு என்பதும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்; அமெரிக்கர்களின் சிங்கிள் குரோஷேயைத்தான் பிரிட்டிஷார் டபுள் குரோஷே என்கிறார்கள். இது தெரியாமல் ஸ்வெட்டர் முழுவதையும் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஏமாந்தால் வெட்கப்பட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். இணைய விற்பனைத் தளம் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்கு உட்பட்டதென்றால் கட்டணம் கிடையாது. 'நூலும் பேட்டர்னும் அனுப்புகிறோம், வீட்டிலிருந்தே பின்னிச் சம்பாதியுங்கள், முன்பணம் மட்டும் கட்டுங்கள்' என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டால், நேரத்தை வீணாக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள்.

என் புகாருக்குப் பிறகு அந்தக் கட்டு நீக்கப்பட்டது. ஏற்கெனவே அதை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் கையில் கடைசிப் பத்தி இல்லை. அந்தக் கையுறை உங்கள் வீட்டில் இருந்தால், இன்று குழந்தைக்கு மாட்டும் முன் உட்புறத்தை வெளியே திருப்பி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.